பகுதியில் வராத குழந்தை

புதன்கிழமை காலை. அங்கன்வாடித் திண்ணையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை. மேசைமேல் ஐஸ் பொதிகள் அடுக்கிய நீலப் பெட்டி. பக்கத்தில் ஓரங்கள் மடங்கிப்போன நீள நோட்டு. தமிழ்நாட்டில் புதன்கிழமைதான் ஊசி போடும் நாள் என்பது குழந்தை பெற்ற எல்லோருக்கும் தெரியும். கிராம சுகாதாரச் செவிலியர், அதாவது ஊராருக்கு ‘நர்சம்மா’, அன்றைக்கு வர வேண்டியவர்களின் பெயர்களை ஒருமுறை படித்துக்கொள்கிறார். ஒன்பது பெயர்கள். பதினோரு மணிக்குள் ஏழு குழந்தைகள் வந்து, அழுது, போய்விட்டன. எட்டாவது குழந்தைக்கு நேற்றிரவிலிருந்து காய்ச்சல். அடுத்த வாரம் தூக்கி வருகிறோம் என்று பாட்டி வந்து சொல்லிவிட்டார். ஒன்பதாவதைப் பற்றிக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்கிறார்: “அந்தப் பொண்ணு பிரசவத்துக்கு அவங்கம்மா ஊருக்குப் போனது, இன்னும் வரலியே.” நர்சம்மா அந்தப் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு சுழி போடுகிறார். பேனாவைத் தொடவில்லை. தாய்வீட்டில் அந்தக் குழந்தைக்கு ஊசி போட்டிருக்கலாம், போடாமலும் இருக்கலாம்.

இந்தக் கட்டுரை அந்தப் பென்சில் சுழியைப் பற்றியது. நான் பார்த்தவரை, ஒரு மாநிலத்தின் தடுப்பூசி விகிதம் என்று செய்தித்தாளில் வரும் எண் இப்படிப்பட்ட சுழிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் கட்டடம்தான்.

பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்தோம்: மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. தடுப்பூசி விகிதமும் ஒரு பின்னம்தான். மேலே ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள். கீழே போட்டுக்கொள்ள வேண்டிய குழந்தைகள். தொகுதியை எண்ணுவது அவ்வளவு சிரமமில்லை. எத்தனை குப்பி உடைந்தது, எத்தனை ஊசி செலவானது, எத்தனை பெயருக்கு நேரே தேதி விழுந்தது என்று கூட்டிவிடலாம். சிக்கல் முழுவதும் பகுதியில். ஒரு வட்டாரத்தில் இந்த ஆண்டு எத்தனை குழந்தைகள் ஒரு வயதை எட்டும்? பெரும்பாலும் மக்கள்தொகையைப் பிறப்பு விகிதத்தால் பெருக்கித்தான் இலக்கு வைக்கிறார்கள். அந்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பை அடியாக வைத்து ஊகித்தது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் திருப்பூரும் ஓசூரும் ஸ்ரீபெரும்புதூரும் எவ்வளவு வீங்கின என்பதும், வானம் பார்த்த பூமியில் எத்தனை ஊர்கள் ஆளில்லாமல் மெலிந்தன என்பதும் நாம் கண்ணால் கண்டவை. வீங்கிய ஊரில் விகிதம் நூற்றைத் தாண்டும். மெலிந்த ஊரில் செவிலியர் எவ்வளவு ஓடினாலும் இலக்கை எட்டாது. நூற்றைத் தாண்டிய விகிதத்தைப் பார்த்ததும் பாராட்டிக் கைதட்டுகிற அதிகாரி, அந்தப் பகுதியில் சேராத எத்தனை குழந்தைகள் ஊரில் இருக்கின்றன என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

பதிவேட்டை நம்ப முடியாத இடத்தில் கணக்காய்வு போல உதவுவது வீடுவீடாகப் போகும் மாதிரி ஆய்வு. உலக சுகாதார நிறுவனம் 1970களின் இறுதியிலிருந்து பரப்பிய எளிய முறை ஒன்று உண்டு: முப்பது இடங்கள், இடத்துக்கு ஏழு குழந்தைகள், மொத்தம் 210. பெரியம்மை ஒழிப்புக் காலத்தில் கற்ற பாடத்திலிருந்து வந்த முறை அது. பத்துப் புள்ளி மேலே கீழே இருந்தாலும் பரவாயில்லை, உண்மைக்கு அருகே போனால் போதும் என்ற சிக்கனம். இந்தியாவில் நாம் இன்று அதிகம் மேற்கோள் காட்டுவது தேசிய குடும்ப நல ஆய்வு. கணக்கெடுப்பவர் வந்து அட்டையைக் கேட்பார். அட்டை இருந்தால் தேதிகளைப் பார்த்து எழுதிக்கொள்வார். இல்லையென்றால் தாயின் ஞாபகம்: “ஒன்றரை மாசத்து ஊசி போட்டீங்களா? ரெண்டரை மாசத்துல? மூன்றரையில?” ஒன்றுக்கு மேல் பிள்ளை இருந்தால் எந்த ஊசி யாருக்கு என்று எந்தத் தாயால் உறுதியாகச் சொல்ல முடியும்? என் அம்மாவின் கையில் அம்மை குத்திய தழும்பு வட்டமாக இருக்கும். அட்டையும் நோட்டும் தேவைப்படாத பதிவேடு அது. காசநோய்க்கான பிசிஜி ஊசியும் புயத்தில் சிறு தழும்பை விடும். மற்ற ஊசிகளுக்கு அந்த வசதி இல்லை.

தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டின் வரலாறு கொஞ்சம் விசித்திரமானது. 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தும் பெற்றவர்கள் 1998-99இல் ஏறத்தாழ 89 விழுக்காடு. அன்றைக்கு நாட்டின் முன்வரிசையில் இருந்தோம். 2005-06இல் அது 81. 2015-16இல் 69.7. பத்தில் மூன்று குழந்தைகள் முழுமையாகத் தடுப்பூசி பெறவில்லை என்று அர்த்தம். அதே பத்தாண்டில் நாட்டின் சராசரி 43.5இலிருந்து 62க்கு ஏறியிருந்தது. ஊரெல்லாம் ஏறும்போது நாம் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தோம். தாய் சேய் நலத்தில் முன்மாதிரி என்று பேர் வாங்கிய மாநிலத்துக்கு இது கசப்பான செய்தி. ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் மாவட்டவாரியாக எடுத்த வேறொரு ஆய்வு 80 விழுக்காட்டை ஒட்டிய எண்ணைத் தந்தது. பதிவேடுகளோ இரண்டையும் விடத் தெம்பாக இருந்தன. ஒரே மாநிலம், ஒரே காலம், மூன்று விகிதங்கள்.

எது சரி? மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடை என்று சொல்வேன். முதலில் ‘முழுமையாக’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிசிஜி ஒன்று, முத்தடுப்பு மூன்று, போலியோ மூன்று, தட்டம்மை ஒன்று என எட்டும் இருந்தால்தான் குடும்ப நல ஆய்வில் ஒரு குழந்தை தேறும். ஏழு போட்டு ஒன்று விட்டாலும் தோல்வி. 2015-16 ஆய்வில் தமிழ்நாட்டில் பிசிஜி 95ஐ ஒட்டி இருந்தது. முத்தடுப்பின் மூன்றாம் தவணையும் போலியோவும் தட்டம்மையும் தனித்தனியே எண்பதுகளில் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் விடுபட்ட குழந்தை வேறு வேறாக இருந்தால் எல்லாவற்றையும் கோத்துப் பார்க்கும்போது மொத்தம் எழுபதுக்குக் கீழே விழுந்துவிடும். இதை அறியாமல் ‘30 விழுக்காடு குழந்தைகளுக்கு ஊசியே போடவில்லை’ என்று படித்தவர்கள் உண்டு. அப்படியில்லை. பெரும்பாலான குழந்தைகள் ஊசிக்கு ஒருமுறையாவது வந்திருக்கிறார்கள். நடுவில் எங்கோ நழுவியிருக்கிறார்கள். ஒரு ஊசியும் போடாத குழந்தை ஒரு வகைச் சிக்கல், நடுவழியில் நழுவிய குழந்தை இன்னொரு வகை. முன்னதற்கு ஊரே மாற வேண்டும். பின்னதற்கு நினைவூட்டும் ஒரு ஆள் போதும்.

சரிவுக்கான காரணங்களைத் தேடும்போது 2008 ஏப்ரலை எல்லோரும் குறிப்பிடுவார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நாளிலேயே நான்கு குழந்தைகள் இறந்தன. மாநிலமே அதிர்ந்தது. அதன்பின் அங்கன்வாடியிலும் துணை சுகாதார நிலையத்திலும் ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தைகளைக் கொண்டுவர வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. பாதுகாப்பு நோக்கில் பார்த்தால் இதைக் குறை சொல்ல முடியாது. ஏதாவது ஆனால் உடனே பார்க்க மருத்துவர் வேண்டும்தானே. ஆனால் ஊர்த் திண்ணையில் நடந்தது ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிப் போனது. பேருந்துக்குக் காத்து, வரிசையில் நின்று, ஒருநாள் கூலியை இழந்து போட்டுவர வேண்டிய ஊசி ஆயிற்று. ஒன்றரை மாசத்து ஊசிக்குப் போனவர் மூன்றரை மாசத்து ஊசிக்குப் போகாமல் இருந்தால் அதில் வியப்பில்லை. பின்னாளில் ஊருக்கே வந்து போடுவது திரும்பவும் தொடங்கியது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சரிவு 2008க்கு முன்பே தொடங்கிவிட்டது. 89இலிருந்து 81க்கு வந்ததற்குத் திருவள்ளூர் காரணமாக முடியாது. ஒரு துயரத்தின்மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டால் அதற்கு முன்னே நடந்தது என்ன என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இதே கதை பசிபிக் பெருங்கடலில் ஒரு சிறு தீவு நாட்டில் இன்னும் கோரமாக நடந்தது. சமோவாவின் மக்கள்தொகை சுமார் இரண்டு லட்சம். நம்மூரில் ஒரு பெரிய வட்டம் அளவு. 2018 ஜூலையில் அங்கே இரண்டு குழந்தைகள் தடுப்பூசி போட்ட சில நிமிடங்களில் இறந்தன. தடுப்பூசியில் குற்றமில்லை. மருந்துப் பொடியைக் கரைக்க வேண்டிய நீருக்குப் பதிலாகத் தசைகளைத் தளர்த்தும் மயக்க மருந்தைச் செவிலியர் கலந்துவிட்டார்கள். அரசு திட்டத்தையே நிறுத்திவைத்தது. ஏறத்தாழ பத்து மாதம் ஊசி இல்லை. மீண்டும் தொடங்கியபோது பெற்றோரின் நம்பிக்கை திரும்பி வரவில்லை. 2018இல் அங்கே தட்டம்மைத் தடுப்பூசி விகிதம் 31 விழுக்காடு என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மதிப்பிட்டன. சில ஆண்டுகளுக்கு முன் அது 90ஐ ஒட்டி இருந்தது. 2019 அக்டோபரில் தட்டம்மைப் பரவல் அறிவிக்கப்பட்டது. 5,700க்கு மேற்பட்டோருக்கு நோய். 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள்.

என்னைத் தொந்தரவு செய்வது அந்த 31 என்ற எண். நோய் வந்தபிறகு தோண்டி எடுத்த எண் இல்லை அது. நோய் தீவில் இறங்குவதற்கு முன்பே தெரிந்திருந்தது. கண்காணிப்பு வேலை செய்தது. எண்ணைப் பார்த்துவிட்டு எழுந்து நடக்க வேண்டியவர்கள் நடக்கவில்லை. கடைசியில் டிசம்பர் 5, 6 தேதிகளில் நாடே கதவடைத்தது. தடுப்பூசி போடாதவர்கள் இருக்கும் வீட்டின் முன் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். வண்டிகளில் குழுக்கள் தெருத்தெருவாகப் போய்ச் சிவப்பைப் பார்த்த இடத்தில் இறங்கின. சில வாரங்களில் விகிதம் 95ஐத் தொட்டது. திரைச்சீலையைக் கிழித்தோ பழைய சட்டையைக் கிழித்தோ கட்டிய அந்தத் துணியைவிடத் துல்லியமான பகுதியை எந்தக் கணினியும் தந்ததில்லை. ஆனால் அதற்கு அந்த நாடு கொடுத்த விலை 83 உயிர்கள்.

ஏன் 95? எந்தக் கணக்கு அது? தட்டம்மை வந்த ஒருவர், எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுப்பார் என்பது நெடுநாள் மதிப்பீடு. 15 என்று வைத்துக்கொள்வோம். அவர் சந்திக்கும் அந்தப் பதினைந்து பேரில் பதினான்கு பேருக்கு ஏற்கெனவே பாதுகாப்பு இருந்தால் நோய் ஒருவருக்கு மட்டும் தாவும். அதற்கு மேல் பெருகாது. பதினைந்தில் பதினான்கு என்பது 93 விழுக்காடு. ஊசி எல்லோருக்கும் பலிப்பதில்லை என்பதையும் சேர்த்தால் இரண்டு தவணையும் 95க்கு மேல் போக வேண்டும். கொரோனாக் காலத்தில் நாளிதழ்கள் இதை ‘மந்தை எதிர்ப்பு சக்தி’ என்று எழுதின. மனிதரை மந்தை என்பது எனக்கு ஒட்டவில்லை. ஊர்க்காப்பு என்று சொல்லிக்கொள்கிறேன். ஊசி போடும் வயதை எட்டாத ஆறுமாதக் குழந்தையையும், புற்றுநோய் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் சிறுமியையும் காப்பது அவர்கள் உடம்புக்குள் இருக்கும் எதுவும் இல்லை, சுற்றியிருக்கும் பதினான்கு பேர்தான்.

கணக்கை இன்னும் ஒரு படி தள்ளிப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தில் ஆண்டுக்கு ஆயிரம் குழந்தைகள் பிறக்கின்றன. 900 பேருக்கு ஒன்பதாம் மாசத்துத் தட்டம்மை ஊசி போட்டாயிற்று. 90 விழுக்காடு, மாதக் கூட்டத்தில் யாரும் திட்டமாட்டார்கள். ஒன்பதாம் மாதத்தில் போடும் முதல் தவணை நூற்றில் 85 குழந்தைகளுக்குத்தான் பலிக்கிறது. ஆக 765 பேருக்குப் பாதுகாப்பு, 235 பேருக்கு இல்லை. அடுத்த ஆண்டு இன்னொரு 235. நான்காம் ஆண்டு முடிவில் 940. ஒரு முழு ஆண்டில் பிறந்த குழந்தைகள் அளவுக்கு எரிபொருள் சேர்ந்துவிட்டது. ஒரு பொறி விழ வேண்டியதுதான் பாக்கி. நல்ல விகிதமுள்ள ஊரில் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தட்டம்மை வெடித்துக் கிளம்பியதன் காரணம் இதுதான். 2010இல் இந்தியா இரண்டாம் தவணையைக் கொண்டுவந்ததும், 2017இல் தட்டம்மை-ரூபெல்லா இயக்கம் நடத்தியதும் இந்தத் தேங்கிய கடனை அடைக்கத்தான். அந்த இயக்கத்தின் முதல் சுற்றில் தமிழ்நாடு இருந்தது. 9 மாதம் முதல் 15 வயது வரை 1.76 கோடிப் பேர் இலக்கு. அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிய புரளிகள் பலருக்கு நினைவிருக்கும். பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டார்கள் சில பெற்றோர். பிப்ரவரியோடு முடிய வேண்டிய இயக்கம் மார்ச்சுக்கு நீண்டது. தடுப்பூசி இல்லாததால் விடுபடுவதும், தடுப்பூசியை நம்பாததால் விடுபடுவதும் நோட்டில் ஒரே சுழியாகத்தான் விழும். சுழிக்குப் பக்கத்தில் காரணம் எழுதும் கட்டமும் வேண்டும் என்று அந்த இரண்டு மாதங்கள் காட்டின.

சராசரியின் இன்னொரு மோசடி, விடுபட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை மறைப்பது. ஒரு கணக்குக்காக நூறு ஊர்கள், ஊருக்கு இருபது குழந்தைகள் என்று வையுங்கள். மொத்தம் இரண்டாயிரம். 95 விழுக்காடு என்றால் நூறு பேர் விடுபட்டவர்கள். ஊருக்கு ஒருவராக அவர்கள் சிதறியிருந்தால் தட்டம்மை வந்த வழியே திரும்பிப் போய்விடும். அதே நூறு பேரும் எட்டு ஊர்களில் திரண்டிருந்தால்? அந்த எட்டு இடங்களிலும் பாதுகாப்பு 40 விழுக்காட்டைக்கூட எட்டாது. வட்டாரத்தின் அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே 95தான்.

அமெரிக்காவின் டெக்சாஸில் 2025இல் நடந்தது இதுதான். மாநில அளவில் மழலைப் பள்ளிக் குழந்தைகளில் தட்டம்மைத் தடுப்பூசி பெற்றவர்கள் 94 விழுக்காடு. கெய்ன்ஸ் என்ற ஒரு கவுண்ட்டியில் அது 82. அந்தக் கவுண்ட்டிக்குள்ளே ஒரு சிறிய பள்ளி மாவட்டத்தில் பாதிக்கு நெருக்கமான மாணவர்கள் தடுப்பூசி வேண்டாம் என்று விலக்குக் கடிதம் கொடுத்திருந்தார்கள். நோய் அந்தக் கவுண்ட்டியில்தான் மூண்டது. ஆகஸ்டில் முடிவுக்கு வந்தபோது டெக்சாஸில் 762 பேருக்கு நோய் உறுதியாகியிருந்தது. பள்ளி வயதுக் குழந்தைகள் இருவர் இறந்திருந்தார்கள். பள்ளி மாவட்டவாரியாக விகிதத்தை வெளிப்படையாகப் போடும் மாநிலம் அது. அந்தப் பழக்கம் நம்மிடம் இல்லை. அங்கே அப்படிப் போட்டும், வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் அந்த அட்டவணையில் வரவில்லை. மீண்டும் பகுதி.

நம்மூரில் பகுதியில் வராத குழந்தை யார்? திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பொங்கலை ஒட்டி வந்து மழைக்கு முன் திரும்பும் வாழ்க்கை. சூளையில் பிறந்த குழந்தை ஒடிசாவின் நோட்டில் ஏறியிருக்காது. தமிழ்நாட்டின் இலக்கிலும் அதற்கு இடமில்லை. சூளைக்கே போய்ச் செவிலியர் ஊசி போட்டால் அது தொகுதியில் ஏறி விகிதத்தை நூற்றுக்கு மேல் தள்ளும். போடாவிட்டால் எந்த விகிதமும் குறையாது. விகிதத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அந்தக் குழந்தை இருப்பதும் இல்லாததும் ஒன்று. இதைவிட ஆபத்தான கணக்கு இருக்க முடியாது.

தாய்வீட்டுக் குழந்தையின் கதை வேறு. நம் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டில். கர்ப்பத்தைப் பதிந்தது புகுந்த ஊரில். பேறு தாய் ஊர் ஆஸ்பத்திரியில். முதல் இரண்டு மூன்று ஊசி தாய்வீட்டில். ஐந்தாம் மாதம் திரும்ப வந்தபிறகு மற்றவை. என் தங்கை பிள்ளை பெற்றபோது இரண்டு ஊர் நர்சம்மாக்களும் மாறிமாறிப் போன் செய்தார்கள். ஒருவர் கணக்கில் அவள் பிள்ளை விடுபட்டவன், இன்னொருவர் கணக்கில் கூடுதலாக வந்தவன். அட்டையோ அவள் புடவைப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது, ஊருக்குப் போகும்போது பெட்டி மட்டும் தாய்வீட்டில் தங்கிவிட்டது. இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் தமிழ்நாடு 2008 முதல் ‘பிக்மி’ என்ற கணினிப் பதிவைக் கொண்டுவந்தது. கர்ப்பம் பதிந்ததும் ஓர் எண். அந்த எண்ணைத் தொடர்ந்தே பேறும் ஊசிகளும். பின்னாளில் பிறப்புச் சான்றிதழுக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கும் அந்த எண் தேவையாயிற்று. உதவித் தொகையின் தவணைகள் ஊசியோடும் பிணைக்கப்பட்டன. எண்ணிக்கையைப் பெயராக மாற்றிய ஏற்பாடு என்று இதைப் பார்க்கிறேன். ஊகித்த பகுதி போய் உண்மையான பகுதி வந்தது. 2019-21 ஆய்வில் தமிழ்நாடு 89.2க்கு ஏறியதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன்; ஊருக்கே ஊசி திரும்பி வந்ததும் சேர்ந்துதான்.

பெயர்ப் பட்டியலின் வலிமையை இந்தியா ஏற்கெனவே ஒருமுறை கண்டது. போலியோ சொட்டு மருந்துக் காலத்தில் பிள்ளைகளின் இடது சுண்டுவிரலில் மை வைத்தார்கள். வீட்டுக் கதவில் சாக்கட்டியால் ஓர் எழுத்து. எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்தாயிற்று என்றால் ‘பி’. பூட்டிய வீடு, வெளியூர் போன பிள்ளை, மறுத்த குடும்பம் என்றால் ‘எக்ஸ்’. எக்ஸ் வீடுகளுக்கு மறுபடி போவதற்கென்றே தனிக் குழு இருந்தது. உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் திரும்பத் திரும்ப நோய் கிளம்பிய 107 வட்டாரங்களைத் தனியே எடுத்து வேலை செய்தார்கள். ரயில் நிலையத்தில் வண்டி நிற்கும் நிமிடங்களிலும் சொட்டு மருந்து ஊற்றினார்கள். 2011 ஜனவரி 13இல் ஹவுராவில் கண்டதுதான் நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ. விகிதத்தை 95இலிருந்து 97ஆக்கும் முயற்சியாக அதை யாரும் நடத்தவில்லை. எக்ஸை அழித்து பி போடுவதுதான் அன்றாட வேலை.

இந்த விஷயத்தில் வேலூருக்குத் தனிப் பங்கு உண்டு. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் 1980களின் தொடக்கத்திலேயே ஒரே நாளில் ஊர் முழுதுக்கும் சொட்டு மருந்து என்ற முறையை வேலூர் நகரில் செய்து காட்டினார். அதைவிட எனக்கு வியப்பூட்டுவது அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் அவரும் கூட்டாளிகளும் நடத்திய அஞ்சலட்டை வேலை. அரசு, தனியார் என்று பார்க்காமல் மாவட்டத்து மருத்துவர்கள் கையில் அச்சிட்ட அஞ்சலட்டைகளைக் கொடுத்தார்கள். தட்டம்மையோ தொண்டை அடைப்பானோ கக்குவானோ இளம்பிள்ளை வாதமோ கண்டால் அட்டையை நிரப்பித் தபால் பெட்டியில் போட்டால் போதும். வந்த அட்டைகளைத் தொகுத்து மாதாமாதம் ஓர் அறிக்கை, மருத்துவர்களுக்கே திரும்ப அனுப்பினார்கள். இந்த ஏற்பாட்டின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்தால் ‘நதி’. எந்த ஊரில் நோய் என்று ஓர் அட்டை சொன்னால், ஊசிக் கணக்கில் 98 என்று எழுதியிருந்த அந்த ஊரைப் போய்ப் பார்க்கலாம். தடுப்பூசிக் கணக்கைச் சரிபார்க்க நோயைவிட நேர்மையான ஆய்வாளர் கிடையாது. ஆனால் நம் வீடுகளில் தட்டம்மை வந்தால் வேப்பிலை சொருகி, அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிப் பத்தியம் காத்து, ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்கள் இன்றும் உண்டு. அந்த வீட்டிலிருந்து எந்த அஞ்சலட்டையும் வராது.

நகரத்தில் இன்னொரு ஓட்டை. சென்னையிலோ கோவையிலோ தனியார் மருத்துவரிடம் காசு கொடுத்து எல்லா ஊசியும் போட்ட குழந்தை அரசின் நோட்டில் விடுபட்டவனாகவே நிற்பான். பணக்காரத் தெருவின் விகிதம் குறைவாகத் தெரிய, சேரியின் விகிதம் நிறைவாகத் தெரியும்; உண்மை தலைகீழாகவும் இருக்கலாம். 2024இல் நாடு முழுக்க வந்த ‘யு-வின்’ பதிவு இதைச் சரிசெய்யக்கூடும், தனியார் மருத்துவர்கள் தேதியை ஏற்றினால்.

ஆனால் எந்தக் கணினியாலும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. விகிதம் குறைந்தால் விளக்கம் கேட்டு மெமோ, மாதக் கூட்டத்தில் எல்லார் முன்னிலும் திட்டு என்றால், பென்சில் சுழிகள் பேனாத் தேதிகளாக மாறிவிடும். நர்சம்மா பொய் சொல்கிறவர் என்பதில்லை. ஐயாயிரம் பேருக்கு ஒருவராக, கர்ப்பிணி முதல் கிழவர் வரை எல்லாக் கணக்கையும் எழுதி, அதையே மறுபடி கைப்பேசியிலும் ஏற்றுகிறவருக்குச் சந்தேகத்தை வைத்துக்கொள்ள நேரம் இல்லை. உண்மையான 84ஐ எழுதியவரைத் தண்டித்து, கற்பனையான 99ஐ எழுதியவரைப் பாராட்டும் துறையில் எண்கள் நாளடைவில் செத்துப்போகும். என் பார்வையில் நம் அமைப்பின் மிகப் பெரிய ஓட்டை இது. சூளையும் தாய்வீடும் இதற்குப் பின்தான்.

உலக அளவில் இப்போது கேள்வியே மாறிவருகிறது. எத்தனை விழுக்காடு என்பதைவிட, ஒரு தவணைகூடப் போடாத குழந்தைகள் எத்தனை பேர் என்று எண்ணுகிறார்கள். 2024இல் உலகில் அப்படி 1.4 கோடிக்கு மேல்; இந்தியாவில் ஏறத்தாழ 9 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் மதிப்பீடு. அதற்கு முந்தைய ஆண்டு 16 லட்சம். இறங்கியது நல்லதுதான். ஆனாலும் 9 லட்சம் குழந்தைகள் என்றால் ஒரு பெரிய நகரம்.

ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. குடிநீர்க் கணக்கு, ஊரக வேலைத் திட்டக் கணக்கு எல்லாம் அங்கே படிக்கிறார்கள். இந்த ஊராட்சியில் ஒரு வயது நிறைந்த குழந்தைகள் எத்தனை, ஒன்பதாம் மாசத்து ஊசி போடாதவர்கள் எத்தனை, சூளையிலும் தோட்டத்திலும் தங்கியிருக்கும் வெளியூர்க் குழந்தைகள் எத்தனை என்ற மூன்று எண்களையும் அங்கே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், சிவப்புத் துணி கட்டி யாரையும் ஊர்முன் நிறுத்த வேண்டியதில்லை. எண்ணிக்கை போதும். அந்த எண் நர்சம்மாவின் நோட்டில் ஏற்கெனவே பென்சிலில் இருக்கிறது.